ஐந்நூற்று நாற்பது ஜோடிக் காதுகள்

ஐந்நூற்று நாற்பது பேருடைய காதுகளை ஒரே விரலால் கழற்றி, ஏழு நிமிடம் என் சட்டைப் பையில் போட்டு வைத்திருந்தேன். பிறகு ஒரு ஜோடி கூட மாறாமல் அவரவரிடம் திருப்பிக் கொடுத்தேன். மூன்றாம் வரிசையில் ஒருவருக்கு மட்டும் அவசரத்தில் இடம் வலம் மாறியிருக்கலாம். அவர் இதுவரை குறை சொல்லி வரவில்லை.

நம்பமாட்டீர்கள். பரவாயில்லை. என் மச்சினனே நம்பவில்லை. "வயர் கழண்டுச்சு. அதுக்கு நீங்க மாலை போட்டுக்கிறீங்க அத்தான்" என்றான். நான் வாயைத் திறந்தால் எலி யானையாகித்தான் வெளியே வரும் என்பது ஊரறிந்த விஷயம். அதனால் உண்மை ஒன்று என்னிடம் வந்து மாட்டிக்கொண்டால் அதன் கதி அதோகதி.

முப்பத்திரண்டு வருடம் அரங்கத்தின் ஒலி அறையில் வேலை பார்த்தவன் நான். அறை என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். நான் மூச்சை இழுத்தால் கதவு சாத்தும், விட்டால் திறக்கும். ஓய்வு பெற்று நான்கு வருடம் ஆன பின்பும் நாடகக் குழுவின் ஆண்டு விழாவுக்கு மட்டும் என்னைக் கூப்பிடுவார்கள். அந்தப் பழைய ஒலிப் பலகையும் நானும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டே குடும்பம் நடத்தியவர்கள். வேறு யார் தொட்டாலும் அது உறுமும்.

குழுவுக்கு ஒரு வழக்கம் உண்டு. வசனத்தை யாரும் மனப்பாடம் செய்வதில்லை. எல்லோரும் ஒருநாள் என் அறைக்கு வந்து, தாளைப் பார்த்துப் படித்து, குரலைப் பதிவு செய்துவிட்டுப் போவார்கள். நாடகத்தன்று நான் அந்தப் பதிவை ஓடவிடுவேன். மேடையில் நிற்பவர்கள் கையை வீசி வாயை அசைத்தால் போதும். வாயில் எந்த வார்த்தை அசைய வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. எப்படியும் கேட்கப் போவதில்லையே!

அங்கேதான் என் வீட்டுக்காரி வருகிறாள்.

ஏழு வயதில் வந்த காய்ச்சலில் அவளுக்குக் காது போனது. பேச்சு அதற்கு முன்பே வந்திருந்ததால், உதட்டைப் பார்த்தே பிரித்து மேய்ந்துவிடுவாள். தெருக்கோடியில் நின்று யாராவது என்னைத் திட்டினால், ஜன்னல் வழியே பார்த்து வார்த்தை பிசகாமல் எனக்கு ஒப்பிப்பாள். எங்கள் வீட்டில் சண்டை வந்தால் நான் காதைப் பொத்துவதில்லை, கண்ணை மூடிக்கொள்வேன். அவள் என் இமையைப் பிடித்துத் திறந்து மிச்சத்தைக் கையாலேயே திட்டி முடிப்பாள்.

பதினோரு வருடமாகக் குழுவின் உடைகளைத் தைத்துக் கொடுப்பவள் அவள். முதல் வருட நாடகம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்: "சாகக் கிடக்குற ராஜா, வீட்டுக்குப் போறப்ப சோப்பு வாங்கணும்னு ஏன் சொல்றான்? அதுக்கு மந்திரி ஏன் அழறான்?"

அரங்கம் கேட்டது, "தாய்மண்ணே, விடை கொடு!" அவள் பார்த்தது சோப்பு. விழுந்து விழுந்து சிரித்தோம். அடுத்த வருடமும் சிரித்தோம். மூன்றாம் வருடம் அவள் சிரிக்கவில்லை. "நான் தைச்ச சட்டையப் போட்டுக்கிட்டு ஊருக்கெல்லாம் ஒரு கதை சொல்றாங்க. எனக்கு மட்டும் வாயில வந்ததச் சொல்றாங்க" என்றாள். அதன் பிறகு அந்த நகைச்சுவை எனக்கும் செரிக்கவில்லை.

இந்த வருடம் அழைப்பிதழைப் பார்த்து எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. 'அனைவரையும் அரவணைக்கும் கலைவிழா! செவித்திறன் குறைந்த அன்பு உள்ளங்களுக்காக, குழுவின் வரலாற்றில் முதன்முறையாக, சைகை மொழிபெயர்ப்பு!' பக்கத்தில் என் வீட்டுக்காரியின் இரண்டு கைகளின் படம். படமெடுத்தவர் அழகுக்காக அவள் விரல்களை இப்படியும் அப்படியும் மடக்கிவிட்டார். அந்தச் சைகைக்கு எந்த மொழியிலும் அர்த்தம் கிடையாது. ரொம்ப இழுத்துப் பிடித்தால் 'கோழிக்கு வயிற்று வலி' என்று வரும்.

"எனக்கு அன்பு உள்ளமெல்லாம் வேணாம். செவிடுன்னே போடட்டும். சைகை காட்ட வர்ற பொண்ணு மேல ஒரு விளக்கப் போட்டாப் போதும்" என்றாள்.

அதைக் கேட்டு வாங்கவும் செய்தாள். பழைய தையல் கூடத்தில் அவளோடு வேலை பார்த்த ஏழு பேரைக் கூப்பிட்டாள். ஏழு பேருக்கும் காது கேட்காது, அவளைப் போலவே உதட்டைப் படிப்பவர்கள். ஒருவரும் அதுவரை நாடகம் பார்த்ததில்லை. அவர்களில் மூத்தவள், பித்தான் தைப்பதில் கெட்டிக்காரி என்பதால் பித்தானக்கா, முதலில் மறுத்தாள். "இருட்டுல உட்கார வச்சு அனுப்பிடுவாங்க. இருக்குற அவமானமே எனக்குப் போதும், புதுசா எதுக்கு?" என்று கையை உதறினாள். என் வீட்டுக்காரி நெஞ்சைத் தொட்டுச் சொன்னாள்: "விளக்கு இருக்கும். இது என் வாக்கு."

வாக்குக் கொடுத்ததோடு நிற்காமல், துணியில் கோடு போடும் சுண்ணாம்புக் கட்டியோடு முந்தின நாளே அரங்கத்துக்குப் போனாள். சைகைப் பெண் நிற்க வேண்டிய இடத்தில் வட்டம் போட்டாள். எதிரே எட்டு இருக்கைகளில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்து பார்த்தாள். ஒரு சின்ன விளக்கை நானே கட்டினேன். பல் குத்தும் குச்சி அளவு வெளிச்சம். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை.

நாடகம் மாலை நான்கு மணிக்கு. மூன்று மணிக்கு நான் போனபோது வட்டத்தை ஈரத்துணியால் துடைத்திருந்தார்கள். எட்டு இருக்கைகளிலும் 'சிறப்பு விருந்தினர்' என்று தாள் ஒட்டியிருந்தது. விளக்கைக் காணோம்.

குழுவின் தலைவர், இயக்குநர், கதாநாயகன் மூன்றும் ஒரே ஆள்தான். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் கர்ஜனை. ஒப்பனை அறையில் அவருக்கு மீசை ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

"விளக்கு எங்க?" என்றேன்.

"எந்த விளக்கு?"

"சைகைப் பொண்ணுக்குக் கட்டுனது."

"அதுவா? எடுக்கச் சொன்னேன். நான் மேடையில உயிரக் குடுத்துக்கிட்டு இருப்பேன், ஓரத்துல ஒரு பொண்ணு கைய ஆட்டிக்கிட்டு இருந்தா ஜனம் யாரப் பாக்கும்?"

"அவ்வளவு சுலபமா உங்கள விட்டுட்டுப் போயிடுமா ஜனம்?"

மீசை ஒரு பக்கம் பிய்ந்தது. "பெரியவரே, எட்டுப் பேருக்காக ஊரே கண்ணக் கூசிக்கிட்டு உட்கார முடியாது. அழைப்பிதழ்ல போட்டாச்சு. பொண்ணையும் வரவழைச்சாச்சு. தூணு ஓரமா நிக்கச் சொல்லியிருக்கேன். இன்னும் என்ன அரவணைக்கணும்ங்கிறீங்க?"

தூண் ஓரம் என்றால் ஒலிபெருக்கிக்குப் பின்னால். அந்தப் பெண் அங்கே நின்றுகொண்டிருந்தாள். கறுப்புச் சட்டை, வெறும் கைகள், கோபத்தை அடக்கிய முகம். "ஐயா, இங்க நின்னா என் கை எனக்கே தெரியாது" என்றாள்.

குழுவின் செயலாளர் என் மச்சினன்தான், என் வீட்டுக்காரியின் கூடப் பிறந்த தம்பி. மார்பில் பட்டை குத்திக்கொண்டு, வழுக்கைத் தலை மின்ன, வாசலுக்கும் மேடைக்கும் ஓடிக்கொண்டிருந்தான். பிடித்து நிறுத்தினேன்.

"மாப்ள, உங்கக்கா ஏழு பேருக்கு வாக்குக் குடுத்திருக்கா."

"அத்தான், இன்னிக்கு ஒரு நாள் விட்டுடுங்க. சிறப்பு விருந்தினர் வண்டி நிறுத்த இடமில்லாம மூணாவது ரவுண்டு சுத்துறாரு. அக்கா புரிஞ்சுக்குவா. அவ எப்பவும் புரிஞ்சுக்குவா."

எனக்குச் சுருக்கென்றது. கல்யாண வீட்டில் யார் என்ன பேசுகிறார்கள் என்று யாரும் சொல்லாதபோதும் அவள் புரிந்துகொள்வாள். மருத்துவர் அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்து அவள் வயிற்று வலியை விசாரித்தபோதும் புரிந்துகொள்வாள். கூடப் பிறந்த தம்பி ஐம்பது வயது வரை நாலு சைகைக்கு மேல் கற்றுக்கொள்ளாமல், வாயைப் பெரிதாகத் திறந்து அவள் முகத்தருகே கத்தியபோதும் புரிந்துகொள்வாள். இந்த உலகம் அவளுக்குக் கொடுத்த ஒரே பட்டம் அதுதான். அதைச் சட்டம் போட்டு மாட்டினால் எங்கள் வீட்டுச் சுவர் விழுந்துவிடும்.

நான்கு மணிக்கு விளக்கெல்லாம் அணைந்தது. கர்ஜனைமேல் மட்டும் ஒரு சூரியன். பதிவை ஓடவிட்டேன். முழங்கியது.

என் அறைக் கண்ணாடி வழியே எட்டுத் தலைகளைப் பார்த்தேன். அவர்களைக் கடைசிக்கு முந்தின வரிசையில் தள்ளியிருந்தார்கள். எட்டுத் தலைகளும் தூண் பக்கம் திரும்பி இருட்டில் தேடின. பத்து நிமிடம் தேடின. பிறகு ஒவ்வொன்றாகக் குனிந்தன. பித்தானக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

என் வீட்டுக்காரி என் பக்கம் திரும்பினாள். என் அறையிலிருந்து கசிந்த துளி வெளிச்சத்தில் அவள் கைகள் தெரிந்தன.

"இவங்க முகத்துல நான் இனிமே எப்படி முழிப்பேன்?"

எனக்கு ரத்தம் கொதித்தது. அறைக் கண்ணாடி ஆவி படிந்து மங்கிப்போனது என்றால் அது உங்களுக்கு மிகை. எனக்கு அன்று வெறும் தகவல். ஆட்காட்டி விரலை எடுத்தேன். பலகையின் நடுவில் இருக்கும் சிவப்புத் தலை வைத்த விசையை அடிவரை இழுத்தேன்.

அவ்வளவுதான். காதுகள் என் பையில்.

மேடையில் ஒன்பது பேர் வாயசைத்துக்கொண்டிருந்தார்கள். சத்தம் இல்லை. ஒருவருக்கும் சொந்த வசனம் ஒரு வரி தெரியாது. அரங்கம் முதலில் காதைக் குடைந்தது. பிறகு, "கேக்கலை! கேக்கலை!" என்று கூச்சல். "என்னய்யா சொல்றான்? ஒண்ணும் புரியலையே!" என்று ஒரு கிழவர் பெஞ்சு மேலேயே ஏறிவிட்டார்.

பத்து நிமிடம் இருட்டில் உட்கார்ந்த எட்டுப் பேர் ஒரு சத்தமும் போடவில்லை. இவர்களுக்குப் பத்து நொடி தாங்கவில்லை.

இடது கையால் அரங்க விளக்குகள் எல்லாவற்றையும் போட்டேன். எட்டுப் பேர் மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த அரங்கத்தில் நாடகம் புரிந்த எட்டே பேர்!

என் வீட்டுக்காரி எழுந்தாள். நடைபாதை வழியே மேடைக்குக் கீழே வந்து நின்றாள். சைகைப் பெண்ணைத் தூணிலிருந்து கையைப் பிடித்து இழுத்து வந்து பக்கத்தில் நிறுத்தினாள். மேடையைப் பார்த்துக்கொண்டே கைகளை ஓடவிட்டாள். அந்தப் பெண் வாயைத் திறந்தாள். மைக் இல்லை, ஒன்றும் இல்லை. அந்தக் குரல் கடைசி வரிசையைத் தாண்டி, சுவரைத் தாண்டி, பக்கத்துத் தெருவில் தூங்கிக்கொண்டிருந்த நாயை எழுப்பியது.

"ராணி சொல்றாங்க: இடுப்புல ஊக்கு குத்துது! மந்திரி சொல்றாரு: ஒண்ணு ரெண்டு மூணு நாலு, ஒண்ணு ரெண்டு மூணு நாலு! ராஜா சொல்றாரு: கிழவன் தூங்கிட்டானா? அந்த மொட்டை எங்க போய்த் தொலைஞ்சான்?"

அரங்கம் அதிர்ந்து சிரித்தது. கர்ஜனை என் அறையை நோக்கிக் கையை ஓங்கினார்.

"ராஜா சொல்றாரு: வேணும்னே பண்றியா? விளக்கப் போட்டுத் தொலைக்கிறேன், சத்தத்த விடு!"

சிரிப்பு சட்டென்று நின்றது. எந்த விளக்கு என்று ஜனத்துக்குத் தெரியவில்லை. என் வீட்டுக்காரி அரங்கத்தை நோக்கித் திரும்பினாள். அவள் கைகள் ஒன்றோடொன்று அறைந்துகொண்டன. சைகைப் பெண்ணின் குரலும் தடித்தது.

"உங்களுக்கு அஞ்சு நிமிஷமாப் புரியல. கத்துறீங்க. எனக்குப் பதினோரு வருஷம். என் கையப் படம் எடுத்துப் போட்டுட்டு, என் கை பேசுற இடத்த இருட்டாக்கிட்டாங்க. வாங்க வாங்கன்னு கூப்பிட்டுட்டு கதவ முகத்துல சாத்துறதுக்கு, கூப்பிடாமலே இருக்கலாம். அதுல மரியாதையாச்சும் மிஞ்சும்."

ஒப்பனைக்காரர் ஓடிப்போய் என் சின்ன விளக்கைக் கொண்டுவந்து மாட்டினார். முதல் வரிசைக்காரர்கள் தாமாக எழுந்து எட்டு இடம் விட்டார்கள். பதிவை முதலிலிருந்து ஓடவிட்டேன். பித்தானக்கா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரை கண்ணிமைக்கவில்லை. ராஜா செத்தபோது சரியான இடத்தில் அழுதாள்.

என் மச்சினன் சிறப்பு விருந்தினரைத் தள்ளாத குறையாக உள்ளே கூட்டி வந்தபோது, எல்லாம் முடிந்து நாடகம் ஓடிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை குழுக் கூட்டம். ஒத்திகை அறையில் வட்டமாக நாற்காலி. மச்சினன் குறிப்பேட்டைத் திறந்து வாசித்தான்: "வயர் கழன்றதால் ஏழு நிமிடம் ஒலித் தடங்கல். இதனால் பார்வையாளர்களிடையே சிறு சலசலப்பு."

"சலசலப்பா?" என்றேன். "வயரும் இல்ல, மயிரும் இல்ல. நான்தான் இழுத்தேன். நம்ம தலைவர் மேடையிலேயே விளக்குப் போடுறேன்னு ஒத்துக்கிட்டார். அத எழுது. இனிமே யாருக்காக ஏற்பாடு செய்றமோ, அவங்க குறிச்ச இடத்த அவங்களக் கேக்காம மாத்தக் கூடாதுன்னும் எழுது."

கர்ஜனை பொறுமையாகச் சிரித்தார். "பெரியவர் எதையும் தன் தலையில தூக்கி வச்சுக்குவார். பாவம், வயசு. நான் மேடையில வசனத்தத் தவிர ஒண்ணும் பேசல. வயர் கோளாறுக்கு நாம ஏன் புதுசா விதி போடணும்? அடுத்த வருஷம் வேற ஆளப் பலகையில உட்கார வைப்போம், சரியாயிடும்."

மற்றவர்கள் தரையில் எதையோ தேடினார்கள். ராணி ஊக்கைத் தேடினாளோ என்னவோ.

"அத்தான், கோவிச்சுக்காதீங்க" என்றான் மச்சினன். "அக்கா கோவத்துல சத்தம் போட்டிருப்பா, நம்புறேன். ஆனா மத்ததெல்லாம் நீங்க சேத்த மசாலா. போன வருஷம் ஒலிபெருக்கிக்குள்ள பாம்பு குடியிருந்துச்சுன்னு சொன்னவர்தான நீங்க?"

அது பல்லி. ஆனாலும் பெரிய பல்லி.

கதவு திறந்தது. தைத்த உடைகளைத் திரும்ப வாங்க என் வீட்டுக்காரி வந்திருந்தாள். அவளைப் பார்த்ததும் கர்ஜனைக்கு உற்சாகம் பொங்கியது. "நல்லதாப் போச்சு, ஆதாரத்தையே காட்டுறேன்" என்று விழாவின் வீடியோவைச் சுவர்த் திரையில் போட்டார். கேமராவுக்கு ஒலி என் பலகையிலிருந்துதான் போகும். அதனால் அந்த ஏழு நிமிடமும் படம் ஊமை. கேமராக்காரர் குழுத் தலைவரை விட்டு அங்கே இங்கே நகரக் கூடாது என்பது வேறு கண்டிப்பான உத்தரவு. ஆகவே திரை முழுக்க அவர் முகம், அவர் வாய், இரண்டாள் உயரத்துக்கு.

"பாத்தீங்களா? சத்தமே இல்ல. வயர்!" என்றார்.

என் வீட்டுக்காரி திரையைப் பார்த்துக் கையசைத்தாள். நான் சொன்னேன்: "கிழவன் தூங்கிட்டானா..."

"நீங்க சொல்லாதீங்க அத்தான்!" என்றான் மச்சினன். "அவ ஒண்ணு சொல்லுவா, நீங்க ஒன்பது சேப்பீங்க."

அப்போது திரையில் கர்ஜனை உதட்டை ஒட்டி, குவித்து, திறந்தார். அதோடு நிற்காமல், தன் கிரீடத்தைத் தள்ளிவிட்டு உச்சந்தலையில் உள்ளங்கையை வழவழவென்று ஒருமுறை ஓட்டிக் காட்டினார். அறையில் வழவழவென்ற தலை ஒன்றுதான் இருந்தது. அது சிவந்தது.

"திரும்பப் போடுங்க" என்றான் மச்சினன். மறுபடி ஓடியது. "இன்னொரு தடவை." மூன்றாம் தடவை அவன் உதடுகள் தாமாகவே 'மொட்டை' என்ற அந்த வார்த்தையைச் செய்து பார்த்தன. நேரில் 'செயலாளர் ஐயா' என்று குழையும் வாய் அது.

"அது சும்மா பாத்திரத்தோட..." என்று ஆரம்பித்தார் கர்ஜனை.

"கொஞ்சம் இருங்க" என்ற மச்சினன், படத்தை ஓடவிட்டு, ஓங்கிய கையருகே நிறுத்தினான். "இங்க விளக்கப் போட்டுத் தொலைக்கிறேன்னு சொன்னீங்களாம். அந்த வரிய ஒரு தடவ இப்பச் சொல்லுங்க. வாயும் வாயும் பொருந்துதான்னு பாத்துடலாம். பொருந்தலைன்னா அத்தான் பொய்னு நானே எழுதிடறேன்."

கர்ஜனை எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். "விசாரணையா இது? என்னைச் சோதிக்கிறீங்களா?" என்றார்.

"ஒரு வரிதானே" என்றாள் ராணியாக நடித்தவள், தரையை விட்டுத் தலை நிமிர்த்தி.

அவர் சொல்லவில்லை. வாயை இறுக மூடிக்கொண்டு, நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே போனார். பதினோரு வருடத்தில் அவர் வாய் அசையாமல் இருந்து நான் பார்த்தது அன்றுதான்.

மச்சினன் அக்காவைப் பார்த்து அசட்டுச் சிரிப்புச் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அவன் முன்னால் போய் நின்று, மெதுவாக, ஒவ்வொரு சைகையாகக் கையசைத்தாள். நான் அதை அப்படியே வாயால் சொன்னேன், இந்த முறை ஒன்றும் சேர்க்கவில்லை. தேவையே இல்லை.

"அங்க சிரிச்ச எட்டுப் பேரும் பாத்தோம். சொன்னோம். நீ நம்பல. உன் தலையத் தடவினதும் நம்பிட்ட. உன் தலை அவ்வளவு ஒசத்தியா?"

மச்சினனின் சிரிப்பு வழிந்து கீழே விழுந்தது. குறிப்பேட்டைப் பார்த்தான். பேனாவை எடுத்து 'வயர் கழன்றதால்' என்ற இரண்டு வார்த்தைகளையும் தாள் கிழியும்படி அடித்தான். அதற்கு மேல் நான் கேட்டபடி விதியை எழுதினான். எழுதியதை அவளிடம் நீட்டினான். அவள் படித்துவிட்டு, 'யாருக்காக' என்ற இடத்தில் 'யாரோடு' என்று திருத்தி, திருப்பிக் கொடுத்தாள்.

பிறகு அவன் ஜன்னல் பக்கம் நகர்ந்து, முகத்தில் வெளிச்சம் விழும்படி அவளுக்கு நேராக நின்றான். கத்தவில்லை. வாயை அகலமாகத் திறக்கவில்லை.

"நடந்துச்சு அக்கா" என்றான். "அத்தான் சொன்ன அத்தனையும் நடந்துச்சு."